கக்கின பிள்ளை தக்கும்

பாலுண்ணும் மகவு உள்ள இல்லத்தை அறிந்துகொள்ளுதல் எளிது. அவ்வில்லத்துத் தாயின் தோளில் எப்பொழுதும் ஒரு துணி கிடக்கும். அவளுடைய சேலைத் தலைப்பில் பாலின் புளித்த மணம் இருக்கும். குழந்தை பால் உண்ணும்; உண்ட சிறிது நேரத்தில் அதில் ஒரு பங்கைக் கடைவாய் வழியே வழியவிடும்; பின்னர் ஒன்றும் நிகழாததுபோல் தாயின் முகம் நோக்கிச் சிரிக்கும். தலைப்பிள்ளையைப் பெற்ற இளந்தாய் இதனைக் கண்டு அஞ்சுவாள். பல பிள்ளைகளை வளர்த்த பாட்டியோ அஞ்சமாட்டாள். "கக்கின பிள்ளை தக்கும்" என்று கூறி அவள் மருமகளைத் தேற்றுவாள்.

தக்குதல் என்பது தங்குதல், நிலைபெறுதல் என்னும் பொருளுடையது. பிறந்த மகவுகளுள் பல ஓராண்டு நிறையுமுன்பே மாண்டுபோன பழங்காலத்தில், 'இப்பிள்ளை நிலைக்கும்' என்பதைவிட இனிய சொல் ஒரு தாய்க்கு வேறு இருந்திராது. தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் கண்டறிந்த உண்மை அப்பழமொழியில் அடங்கியுள்ளது. ஆயினும் கக்குகின்ற பிள்ளைகள் யாவும் அச்சமின்றி விடத்தக்கனவோ? பழமொழி எவ்விடத்திற்குப் பொருந்தும், எவ்விடத்திற்குப் பொருந்தாது என்பதை அறியாதார் அதனால் நன்மையும் பெறலாம், தீமையும் பெறலாம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் குளத்தூர் என்னும் ஊர் உள்ளது. புதுக்கோட்டை தனி அரசாக இருந்த நாளில் அதன் மூன்று வட்டங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரால் வழங்கியது; மற்றவை ஆலங்குடியும் திருமயமும் ஆகும். அவ்வரசு 1948-ஆம் ஆண்டில் இந்தியாவோடு இணைந்தது. 1974-ஆம் ஆண்டில் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்டு குளத்தூர் வட்டம் இன்றும் விளங்குகின்றது. வற்றாத பேராறு பாயாத வறண்ட நிலம் அது. ஆதலின் அப்பகுதி மக்கள் பண்டைக் காலந்தொட்டே மழைநீரைக் குளங்களில் தேக்கி வாழ்ந்தனர். குளத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. குளம் நிரம்பினால் மிகுந்த நீர் கலிங்கின் வழியே வெளியேறும். கலிங்கு வழிவதைக் கண்டு உழவர் மகிழ்வரே அன்றி அஞ்சார். கரையில் உடைப்பு ஏற்படின் நள்ளிரவாயினும் மண்வெட்டியோடு ஓடுவர். இரண்டிலும் நீர்தான் வெளியேறுகின்றது. ஆயின் ஒன்று நிறைவின் அடையாளம், மற்றொன்று அழிவின் தொடக்கம். பச்சிளங் குழந்தை பாலை வெளியேற்றுவதிலும் இவ்விரண்டு வகை உண்டு.

தமிழ்மொழி இவ்வேறுபாட்டைச் சொற்களாலேயே காட்டுகின்றது. உண்டது முயற்சியின்றி மேலெழுந்து வாய்வரை வருவதை எதுக்களித்தல் என்பர். அது வாயினின்று வழிந்துவிடின் கக்குதல் என்பர். வயிற்றுத் தசைகள் இறுகி, உள்ளிருப்பதை வலிந்து வெளியே தள்ளுவது வாந்தி. இதனைச் சத்தி என்றும் கூறுவர். வாந்திக்கு முன்னர்த் தோன்றும் அருவருப்பு குமட்டல் ஆகும். ஒலியோடு எக்குதல் ஓங்கரித்தல் ஆகும். கக்குதலில் குழந்தைக்குத் துன்பம் இல்லை, வாந்தியில் உண்டு. கக்கிய பிள்ளை சிரிக்கும். வாந்தி எடுத்த பிள்ளை முகம் வெளுத்துச் சோரும். இச்சொற்களை வேறுபடுத்தி வழங்கக் கற்றவர் நோயையும் வேறுபடுத்திக் காணக் கற்றவராவர்.

குளத்தூரில் ஓர் உழவர் இல்லம் இருப்பதாகக் கொள்வோம். அங்கே ஒரு பெண் மகவு. அதற்கு மூன்று திங்கள் அகவை. நாளொன்றுக்கு ஐந்தாறு முறை அது பாலைக் கக்குகின்றது. இளந்தாய் கலங்கி, "அத்தை, உண்ட பாலையெல்லாம் கக்கிவிடுகின்றதே! என் பால் இதற்கு ஒவ்வவில்லையோ?" என்று மாமியாரைக் கேட்கிறாள். மாமியார் பழமொழியைக் கூறித் தேற்றுகிறாள். ஆயின் அண்டை வீட்டார் சும்மா இருப்பதில்லை. தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுக்குமாறு ஒருத்தி கூறுகிறாள். பசும்பாலில் நீர் கலந்து புகட்டுமாறு மற்றொருத்தி கூறுகிறாள். கடையினின்று கிரைப் வாட்டர் வாங்கிவருமாறு வேறொருத்தி சொல்கிறாள். தாயின் மனம் தடுமாறுகின்றது. அவள் தன் பாலை நிறுத்துவாளாயின், கலிங்கு வழிவதைக் கண்டு அஞ்சிக் குளத்தையே வெட்டிவிட்டவர் நிலையை அடைவாள்.

அவ்வேளையில் கிராமச் சுகாதாரச் செவிலியர் அங்கு வருகிறார். அவர் முதலில் குழந்தையை நிறுத்துப் பார்க்கிறார். தாய்சேய் நல அட்டையில் முன்பு குறித்த எடையோடு ஒப்பிடுகிறார். நாளொன்றுக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என வினவுகிறார். பின்னர் ஒரு தேக்கரண்டிப் பாலை எடுத்து மடித்த துணியொன்றில் ஊற்றுகிறார். அச்சிறிதளவு பால் உள்ளங்கை அளவிற்கும் மேலாகப் பரவுகின்றது. "குழந்தை கக்கியது இவ்வளவுதானே, அம்மா? துணியில் பரவுவதால் மிகுதியாகத் தோன்றுகின்றது. எடை ஏறியிருக்கிறது, கவலை வேண்டா" என்கிறார். தாயின் முகம் தெளிகின்றது. ஒரு நிறைகோலும் ஒரு தேக்கரண்டியும் அவளுடைய அச்சத்தை அகற்றிவிட்டன.

இனி, குழந்தை பாலைக் கக்குவது ஏன் என்பதைக் காண்போம். வாயினின்று இரைப்பைக்குச் செல்லும் வழி உணவுக்குழாய் எனப்படும். அக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. விழுங்கும்பொழுது அது விரிந்து உணவை உள்ளே விடும். பின்னர்ச் சுருங்கி, உள்ளே சென்றது மேலே திரும்பாதவாறு காக்கும். குளத்து மடையை அடைக்கும் பலகையை ஒத்தது அது. பச்சிளங் குழந்தைக்கு அவ்வளையம் இன்னும் முதிர்ச்சி பெறவில்லை. விழுங்காத வேளையிலும் அவ்வப்போது தளர்ந்துவிடும். அப்பொழுது இரைப்பையிலுள்ள பால் மேலெழும்.

இதற்குத் துணைசெய்யும் காரணங்கள் வேறு சிலவும் உள. குழந்தையின் உணவுக்குழாய் குறுகியது, இரைப்பை சிறியது, ஆயின் அதன் உடல் எடையை நோக்க அது உண்ணும் பாலின் அளவு பெரிது. உணவு முழுதும் நீர்மமாக உள்ளது. குழந்தை நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கின்றது. பாலோடு காற்றையும் விழுங்குகின்றது. அக்காற்று ஏப்பமாக மேலே வரும்பொழுது பாலையும் உடன் கொண்டுவருகின்றது. சிறிய குளத்தில் பெருமழை பெய்து, மடைப்பலகையும் தளர்வாக இருப்பின் நீர் வழிவதில் வியப்பில்லை அன்றோ?

கக்கிய பால் சில வேளைகளில் தயிர்போல் திரிந்திருக்கும். பால் கெட்டுவிட்டது என்று சிலர் அஞ்சுவர். அஃது அறியாமை. இரைப்பையில் சுரக்கும் புளிப்பு நீர் பாலைத் திரியச் செய்கின்றது. செரித்தல் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். உண்டவுடன் கக்கினால் பால் பாலாகவே வரும். சற்றுப் பொறுத்துக் கக்கினால் திரிந்து வரும். இவ்விரண்டும் இயல்பே.

இவ்வியல்பு எத்துணைக் காலம் நீடிக்கும்? 1997-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் சிகாகோப் பகுதியில் 948 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியாயிற்று. மூன்று திங்களுக்கு உட்பட்ட குழந்தைகளுள் பாதி நாள்தோறும் ஒரு முறையேனும் கக்கின. நான்காம் திங்களில் மூன்றில் இரண்டு பங்கு குழந்தைகள் கக்கின. ஏழாம் திங்களில் அத்தொகை பெரிதும் குறைந்தது. பத்து முதல் பன்னிரண்டு திங்களில் நூற்றுக்கு ஐந்தாயிற்று. எழுந்து அமரவும், தவழவும், திண்பொருள் உண்ணவும் குழந்தை கற்கின்ற பொழுதே அதன் வளையத் தசையும் உரம் பெறுகின்றது. மருந்தால் அன்று, வளர்ச்சியால் இது தானே நீங்குகின்றது.

குழந்தையின் வளர்ச்சிப் படிகளைத் தமிழ்ப் புலவர் நுணுகி நோக்கியவர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் மூன்றாந் திங்கள் காப்புப் பருவம். ஐந்தாந் திங்கள் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரைப் பருவம். ஏழாந் திங்கள் தாலப் பருவம். ஒன்பதாந் திங்கள் கைகொட்டும் சப்பாணிப் பருவம். பதினோராந் திங்கள் முத்தப் பருவம். பதின்மூன்றாந் திங்கள் நடந்துவரும் வருகைப் பருவம் என வகுத்தனர். மருத்துவர் கண்ட கணக்கை இதனோடு பொருத்திப் பார்த்தால் நினைவில் கொள்ளுதல் எளிது. காப்பிற்கும் செங்கீரைக்கும் இடையே கக்குதல் மிகும். சப்பாணி கொட்டும் காலத்தில் அருகும். வருகைப் பருவத்தில் பெரும்பாலான குழந்தைகளை விட்டு நீங்கிவிடும்.

கக்குதலை முற்றும் நிறுத்த இயலாது; நிறுத்தவும் வேண்டுவதில்லை. ஆயின் அதனைக் குறைக்க வழிகள் உள. பசி முற்றி அழுது களைக்கும்வரை காத்திராமல், வாயைச் சப்பியும் கையைச் சூப்பியும் பசியைக் காட்டத் தொடங்கியவுடனே பால் கொடுத்தல் வேண்டும். அழுது அழுது உண்ணும் குழந்தை காற்றை மிகுதியாக விழுங்கும். பால் கொடுக்கும்பொழுது குழந்தையின் தலை வயிற்றைவிட உயர்ந்திருத்தல் நன்று. முலைக்காம்பை மட்டுமன்றி அதனைச் சூழ்ந்த கருவட்டத்தின் பெரும்பகுதியையும் வாய் கவ்வியிருப்பின் காற்றுப் புகுவது குறையும். போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட குழந்தையை வற்புறுத்தி ஊட்டலாகாது.

உண்டபின் குழந்தையைத் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, முதுகை மெல்லத் தடவியும் தட்டியும் ஏப்பம் விடச் செய்தல் வேண்டும். அதன் பின்னும் இருபது அல்லது முப்பது நிமிடம் நிமிர்த்தியே வைத்திருத்தல் நலம். அவ்வேளையில் தூக்கிப்போட்டு விளையாடுதல், குலுக்குதல், வயிற்றை அமுக்குதல் ஆகியவை கூடா. நம் நாட்டில் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் காலில் கிடத்தி நீராட்டுவது வழக்கம். நீராட்டியபின் பாலூட்டுதலே முறை. பாலூட்டியவுடன் நீராட்டின் உண்டது மேலெழும். அரைஞாணும் இடுப்புத் துணியும் வயிற்றை இறுக்காதிருக்க வேண்டும். சேலைத் தூளியில் குழந்தை வளைந்து கிடப்பதால் வயிறு மடங்கி அமுங்கும். ஆதலின் உண்டவுடன் தூளியில் இடாதிருத்தல் நன்று.

குழந்தையை எவ்வாறு உறங்க வைப்பது என்பதில் பலர்க்கும் ஓர் ஐயம் உண்டு. மல்லாந்து உறங்கும்பொழுது கக்கினால் மூச்சு அடைக்குமே என்று எண்ணிச் சிலர் குப்புறக் கிடத்துவர். இது பிழை. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழாய் மேலும் உணவுக்குழாய் கீழுமாக அமைகின்றன. மேலெழுந்த பால் தாழ்விடமாகிய உணவுக்குழாய்க்கே திரும்பும். மேட்டில் உள்ள மூச்சுக்குழாய்க்கு ஏறுதல் அரிது. குப்புறக் கிடக்கையில் இந்நிலை தலைகீழாகும். உறக்கத்திலேயே பச்சிளங் குழந்தைகள் திடீரென மாள்வது மேலைநாடுகளில் மிகுந்திருந்தது. குழந்தைகளை மல்லாந்து உறங்கவையுங்கள் என்று இங்கிலாந்தில் 1991-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டிலும் பெருமுயற்சியோடு மக்களுக்கு அறிவுறுத்தினர். அதன்பின் அத்தகைய இறப்புகள் பாதிக்கும் மேலாகக் குறைந்தன. ஆதலின் சமமான, மிகவும் மெத்தென்றில்லாத படுக்கையில், தலையணையின்றி மல்லாந்து கிடத்துவதே தக்கது. விழித்திருக்கையில் கக்கினால் தலையை ஒருபக்கமாகத் திருப்பி வாயைத் துடைத்தல் போதும்.

செய்யத்தக்கவற்றோடு செய்யத்தகாதவற்றையும் அறிதல் வேண்டும். கோழை எடுப்பதாகக் கூறித் தொண்டையில் விரல் விடுவதும், மூக்கில் ஊதுவதும், எண்ணெய் விடுவதும் தீங்கு பயப்பன. விரலின் அழுக்கு நோயைத் தரும். எண்ணெய் நுரையீரலுட் சென்றால் சளிக்காய்ச்சல் போன்ற கொடிய நோய் உண்டாகும். குழந்தை கக்குவதைக் கண்டு சருக்கரை நீர், தேன், கஞ்சி முதலியவற்றைப் புகட்டுவதும் தவறு. தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து ஓராண்டு நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கக்கூடும். முதல் ஆறு திங்கள் தாய்ப்பால் அன்றித் தண்ணீரும் வேண்டுவதில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

வசம்பைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றும் 'பேர் சொல்லா மருந்து' என்றும் நம் முன்னோர் போற்றினர். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றோடு அதனைக் கல்லில் உரைத்துப் புகட்டும் வழக்கம் இன்றும் உள்ளது. முன்னோர் அன்பு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் உரைக்கும் கல்லின் தூய்மையும், உரைத்த மருந்தின் அளவும் வீட்டிற்கு வீடு வேறுபடுகின்றன. அளவு மிகின் வசம்பே வாந்தியை உண்டாக்கும். ஆதலின் பச்சிளங் குழந்தைக்கு மருத்துவரைக் கேளாது எம்மருந்தும் கொடாதிருத்தலே காப்பு. கிரைப் வாட்டரும் அத்தகையதே. 1851-ஆம் ஆண்டில் வில்லியம் உட்வர்டு என்னும் ஆங்கிலேயர் அதனை உருவாக்கினார். பழைய முறையில் செய்த அம்மருந்தில் மதுச்சாரமும் கலந்திருந்தது. அது கக்குதலைத் தீர்க்கும் என்பதற்குச் சான்று இல்லை.

இதுகாறும் கூறியது கலிங்கு வழியும் நீரைப் பற்றியது. இனிக் கரை உடைவதைப் பற்றிக் கூறுதல் வேண்டும்.

அதே ஊரில் மற்றோர் இல்லம் உள்ளதாகக் கொள்வோம். அங்கே ஓர் ஆண் மகவு, தலைப்பிள்ளை, பிறந்து ஐந்து வாரங்கள் ஆயின. நான்கு நாளாக அது கக்குகின்றது. முதலில் சிறிதாகத் தொடங்கியது, பின்னர் ஒவ்வொரு வேளையும் பால் முழுவதும் பீச்சியடித்தாற்போல் இரண்டு மூன்று அடித் தொலைவில் சென்று விழுகின்றது. வாந்தி எடுத்த உடனே மீண்டும் பசித்து அழுகின்றது. பாட்டி அங்கும் அதே பழமொழியைக் கூறுகிறாள். இரண்டு நாள் அதனை நம்பிக் காத்திருக்கின்றனர். சிறுநீர் குறைகின்றது, கன்னம் வற்றுகின்றது, எடை இறங்குகின்றது. செவிலியர் வந்து பார்த்தவுடன், "இது கக்கல் அன்று; ஒரு வேளையும் தாழ்க்கலாகாது" என்று கூறி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்.

இந்நோயில் பழுது இரைப்பையின் மேல் வாயிலில் இல்லை. கீழ் வாயிலில் உள்ளது. இரைப்பையினின்று குடலுக்குச் செல்லும் வழியைச் சூழ்ந்த தசை தடித்து, வழியை அடைத்துவிடுகின்றது. பால் கீழே செல்ல இயலாமையின், இரைப்பை முழு வலிமையோடும் அதனை மேலே தள்ளுகின்றது. பிறந்த இரண்டாம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையே இது பெரும்பாலும் தோன்றும். பெண் மகவுகளினும் ஆண் மகவுகளிடத்து மிகுதியாகக் காணப்படும். டென்மார்க்கு நாட்டு மருத்துவர் இர்சுபிரங்கு 1887-ஆம் ஆண்டில் இந்நோயைத் தெளிவுற விளக்கினார். ஆயினும் அக்காலத்தில் இந்நோயுற்ற குழந்தைகளுள் பல மாண்டன. செருமானிய அறுவை மருத்துவர் இராம்சுடெட்டு, தடித்த தசையை மட்டும் நீளவாட்டில் கீறி விரித்துவிடும் எளிய முறையைக் கண்டு 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையே இன்றும் கைக்கொள்ளப்படுகின்றது. உரிய காலத்தில் கொண்டுசெல்லப்பட்ட குழந்தை சில நாட்களில் நலமுற்று வீடு திரும்புகின்றது.

அதே 1912-ஆம் ஆண்டில்தான், புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி என்னும் மங்கை சென்னை மருத்துவக் கல்லூரியில் தேர்ச்சி பெற்று மருத்துவராக வெளிவந்தார். பெண்கள் பள்ளிக்குச் செல்வதே அரிதாயிருந்த நாளில், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் ஆண் மாணவரிடையே தனியொரு பெண்ணாய்ப் பயின்றவர் அவர். பின்னர்ச் சென்னை எழும்பூரில் மகளிர்க்கும் குழந்தைகட்கும் உரிய மருத்துவமனையில் பணியாற்றினார். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி எனப் புகழ்பெற்ற அவர் பெயரால் தமிழ்நாட்டரசு ஏழைத் தாய்மார்க்கு மகப்பேற்று உதவி வழங்கிவருகின்றது. அவர் கற்ற கல்வியின் பயன் இன்று அவர் பிறந்த மண்ணின் சிற்றூர்களிலும் கிடைக்கின்றது. சிற்றூர்கட்குச் செவிலியர் வருகின்றனர். வட்டங்களில் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் உள்ளன. புதுக்கோட்டையில் 2017-ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றது. 2008-ஆம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணை அழைத்தால் அவசர ஊர்தி வீட்டு வாயிலுக்கே வருகின்றது. இத்துணை வாய்ப்பும் இருந்தும் ஒரு குழந்தை தாழ்த்தலால் மாளுமாயின், அதற்கு ஊழைக் குறைகூறுதல் பொருந்தாது.

கரை உடைவதைக் காட்டும் அடையாளங்களை யாவரும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கக்கியது பச்சை நிறமாக இருப்பின் ஒரு நாழிகையும் காத்திருத்தல் கூடாது. பித்தநீர் இரைப்பைக்குக் கீழே உள்ள குடலில் வந்து சேர்வது. அது வாய்வழியே வருமாயின் குடல் முறுக்குண்டோ அடைபட்டோ இருக்கலாம். குருதி கலந்திருத்தலும், காப்பித்தூள் போன்ற கருநிறத் துகள் காணப்படுதலும் தீக்குறிகளே. ஒவ்வொரு வேளையும் பீச்சியடித்தல், பால் குடிக்க மறுத்தல், வயிறு உப்பி இறுகுதல், காய்ச்சல், ஓயாத அழுகை, எழுப்பினும் எழாத சோர்வு, மூச்சுத் திணறல், மலத்தில் குருதி ஆகியவை தோன்றினும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உச்சிக்குழி புடைத்திருப்பின் அது மூளையைப் பற்றிய நோயைக் காட்டலாம். குழிந்திருப்பின் உடலில் நீர் வற்றியதைக் காட்டும். அதுகாறும் கக்காதிருந்த குழந்தை ஆறு திங்களுக்குப் பின்னர்ப் புதிதாகக் கக்கத் தொடங்குவதும், ஓராண்டு கடந்தும் கக்குதல் நில்லாமையும் மருத்துவர்க்கு அறிவிக்கத்தக்கன.

இக்குறிகள் இல்லையாயின், நலத்தைக் காட்டும் குறிகளைக் காண வேண்டும். பிறந்த முதற் சில நாட்களில் குழந்தையின் எடை சிறிது குறையும், இரண்டு வாரத்திற்குள் பிறந்தபொழுதிருந்த எடையை மீண்டும் எய்தும், ஏறத்தாழ ஐந்தாந் திங்களில் அதனைப்போல் இருமடங்காகும், ஓராண்டில் மும்மடங்காகும். முதல் வாரத்திற்குப் பின்னர் நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும். பசித்து உண்ணும், உண்டு உறங்கும், விழித்துச் சிரிக்கும். இவ்வாறு வளரும் குழந்தை எத்தனை முறை கக்கினும் அதனால் நேரும் கேடு துணி துவைக்கும் தொல்லை ஒன்றே.

இச்செய்தி தாய்மார்க்கு மட்டும் உரியதன்று. நாட்டுப்புறத்தில் தாய் வயலுக்குச் சென்ற வேளையில் தம்பியையும் தங்கையையும் இடுப்பில் சுமந்து காப்பவர் பள்ளிச் சிறுவரும் சிறுமியருமே ஆவர். கக்கிய குழந்தையின் முகத்தைத் திருப்பித் துடைக்கவும், கக்கிய பாலின் நிறத்தை நோக்கவும், பச்சை நிறம் கண்டால் ஓடிச்சென்று பெரியோர்க்கு உரைக்கவும் அவர்கள் அறிந்திருப்பின் ஓர் உயிர் காக்கப்படலாம்.

முன்னோர் வகுத்த பழமொழி பொய்யன்று. கக்கின பிள்ளை தக்கும். ஆயின் எடை ஏறும் பிள்ளையே கக்கினும் தக்கும். எடை இறங்கும் பிள்ளை தக்குதற்கு மருத்துவர் துணை வேண்டும். குளங்காப்போன் மழை நாளில் இரண்டு செயல்களைச் செய்வான். கலிங்கு வழிவதைக் கண்டால் மனநிறைவோடு வீடு திரும்புவான். கரை கசிவதைக் கண்டால் ஊரை எழுப்புவான். எதனைக் கண்டு அமைதி கொள்வது, எதனைக் கண்டு விரைவது என்னும் அவ்வறிவே குளத்தைக் காக்கின்றது; தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காப்பதும் அதுவே.